மிக்கேலம்மாவின் படத்தில் என் கண்கள்

"காலையில ஆம்பளைங்க வந்து நின்னு எல்லாத்தையும் எறக்கிட்டுப் போயிடறாங்க, நாங்க பாத்திரத்தக் கழுவி, துணியக் காயப்போட்டு, பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டு வந்து நின்னா ஒரு சொட்டு வர மாட்டேங்குது, ஆளப் பாத்துத்தான் அழுவீங்களாக்கா?" என்று எதிர்வீட்டு அல்போன்சா என் சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், நான் ஜிலேபி மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அதுவும் ஒரு தடவை கேட்டதோடு விடாமல், முதல் தடவை எனக்குக் காது அடைத்திருந்த மாதிரி அதே வார்த்தைகளை அதே வரிசையில் இன்னொரு தடவையும் கேட்டாள்.

"நான் என்ன கார்ப்பரேஷன் குழாயாடி?"

"குழாய்னாக்கூட என்னைக்கு வரும்னு சொல்லுவாங்கக்கா."

திண்டுக்கல்லில் அப்படிச் சொல்லிவிட்டு வந்த குழாயை நான் பார்த்ததில்லை. ஆனால் அல்போன்சாவின் கேள்வியில் யாருக்கும் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை, கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள், அவர்களில் ஒரு அம்மாள் "போன வாரமும் இப்பிடித்தான், ரொம்ப மெல்லிசா வந்துச்சு" என்று குறையும் சொன்னாள், நான் மீன் கையோடு எழுந்து போய் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாமல் இருந்ததற்கு ஒரே காரணம் கதவைச் சாத்தினாலும் அவர்கள் ஜன்னல் வழியாகப் படத்தைப் பார்ப்பார்கள் என்பதுதான்.

படம் என் நாத்தனார் மிக்கேலம்மாவுடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்து, தம்பி வீட்டிலேயே எனக்கு முன்னால் அடுப்படியைப் பிடித்து, எனக்குப் பின்னாலும் அதை விடாமல், போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனவர். உயிரோடு இருந்தவரை கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார், எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு கையாகவும் ஒரு பூத்தட்டாகவும் மட்டுமே இருக்கிறார், பிள்ளையின் ஞானஸ்நானப் படத்தில் முதுகாக இருக்கிறார், ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது தண்ணீரில் ஊறிய பன் மாதிரி இருந்தது. சுவரில் மாட்ட ஒரு முகம் வேண்டுமே. எங்கள் தெருவில் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று ஒரு படம் எடுக்காமல் யாரையும் அடக்கத்துக்குத் தூக்குவதில்லை, அப்படி எடுக்க வந்த ஸ்டூடியோ பாக்கியநாதன், என் வீட்டுக்காரர் ஜெரால்டு கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டதன் பேரில், பெட்டிக்குள் இருந்த முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்து, மூக்குப் பஞ்சை நீக்கி, தாடைக்கட்டை அழித்து, படமே இல்லாமல் செத்தவர்களுக்கெல்லாம் செய்வது போலக் கண்ணைத் திறந்து கொடுத்தான்.

கண்ணைத் திறப்பது என்றால், மூடிய இமைக்கு மேல் வேறு யாருடைய திறந்த கண்ணையோ ஒட்டுவது. எங்கள் ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் செத்தவர்கள் அடுத்தவர் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. பாக்கியநாதன் செய்த தப்பு, மகனைப் பார்க்க மஸ்கட் போவதற்காக நான் அவன் ஸ்டூடியோவில் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்து கண்களை எடுத்து என் நாத்தனார் முகத்தில் வைத்ததுதான்.

படம் வந்தது, திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார்கள், சந்தன மாலை போட்டார்கள், சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்பு சுற்றினார்கள், ஜெரால்டு எதிரே நின்று "அக்கா உயிரோட பாக்குற மாதிரியே இருக்கு இமெல்" என்றார். இத்தனை வருஷம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்த கண்ணை அந்த மனிதருக்கு அடையாளம் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவள் அல்போன்சாதான், துக்கம் விசாரிக்க வந்து நின்றவள், என் இடது கண்ணின் வெள்ளையில் மிளகை உடைத்துப் போட்டது போல இருக்கும் புள்ளியைப் படத்திலும் பார்த்துவிட்டு, "இமெல்டாக்கா, இது நீங்கல்ல?" என்றாள்.

அதற்குள் விஷயம் ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவர் தெருமுனை வீட்டு ரிட்டையர்டு தாசில்தார். மகன் கனடாவில், போன் எடுப்பதில்லை, அந்த வருத்தத்தோடு மிக்கேலம்மாவுக்கு மாலை கொண்டுவந்தவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கையைக் கட்டி நின்றார், அவர் நின்ற நேரம் முழுக்க அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கொட்டியது என்றால் நிறுத்தமாட்டாமல், வடித்த கஞ்சி போலக் கொழகொழ என்று, பழைய பீரோவைத் திறந்தால் வரும் வாடையோடு. அவர் முகம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, அடுப்படிக்கு வந்து இரண்டாவது காபி கேட்டார். "மனசு கழுவி விட்ட மாதிரி இருக்கும்மா" என்றார். நான் என் கன்னத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் அழுகிற பெண் இல்லை. கான்வென்ட்டில் எங்களுக்கு அது பழக்கப்படவில்லை, முழங்கால் கிழிந்து வந்து நின்றாலும் சிஸ்டர் யூஜினா விரலைச் சொடுக்கி "குழாயை மூடு" என்பார், நாங்கள் மூடுவோம். அம்மா வீட்டிலிருந்து கல்யாணமாகிக் கிளம்பிய அன்றுகூட என் கைக்குட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் திண்டுக்கல் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்டவள் கண்ணிலிருந்து தெருவின் கழிவுத் தண்ணீர் எல்லாம் வர ஆரம்பித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தினுசு. காதலில் தோற்ற காலேஜ் பெண்ணின் கண்ணீர் சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வந்து மூக்கு வரை காந்தும். சொத்துக்காக அண்ணனை விஷம் வைத்துவிடலாமா என்று யோசித்து யோசித்து மனசு புண்ணாகிப் போனதாகச் சொன்ன அரிசிக்கடைக்காரரின் கண்ணீர் கருப்பாக இருந்தது, தலையணை உறையில் பட்டது இன்னும் போகவில்லை. மாமியார் சீக்கிரம் போய்ச் சேராத துக்கத்தில் வந்து நின்ற ஒருத்தியின் கண்ணீரில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. ஊரில் இருக்கும் சோகத்தில் பாதிக்கு மேல் சோகமே இல்லை, ஊசிப்போன ஆசை என்பதை என் கன்னம்தான் முதலில் தெரிந்துகொண்டது.

தெரு இதை ஏற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, புதிதாக ஒரு ரேஷன் கடை திறந்தால்கூட அதை இதைவிட அதிகம் பேசியிருப்பார்கள். பெஞ்ச் போட்டார்கள். வேலைக்குப் போகிற ஆண்கள் காலையில், பெண்கள் பதினொரு மணிக்கு மேல் என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். பாத்திரக்கடை பாய் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றார், பிள்ளையார் கோயில் குருக்கள் வந்து நின்றுவிட்டுத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார், பங்குச் சாமியார் இதைப் பற்றித் திருச்சபை ஒன்றும் சொல்லவில்லை என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு இரண்டாம் பூசை முடிந்த கையோடு அவரும் வந்தார், அவருடையது மெழுகு போல உருகி வந்து தாடையில் உறைந்தது, நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம், "இமெல்டாக்கா, கொஞ்சம் நல்லாச் சாப்பிடுங்க, தண்ணி நெறையக் குடிங்க" என்பதுதான், பால் மாட்டைப் பற்றி விசாரிப்பது போல. இளநீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

கொஞ்ச நாளில் தெருவில் யாருக்கும் அழ வராமல் போனது. வெங்காயம் நறுக்கினால் ஒருவருக்கும் கண் எரியவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்த குழந்தைகள் அழாமல் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு விளையாடப் போனார்கள். வாட்ச் ரிப்பேர் செய்கிற சாலமோன் இறந்தபோது, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் விசிறிக்கொண்டு கிரிக்கெட் பேசினார்கள், அவர் மகள் நடுவில் எழுந்து வந்து எங்கள் கூடத்தில் நின்று வேலையை முடித்துக்கொண்டு போய், வந்தவர்களுக்குச் சிரித்த முகமாகக் காபி கொடுத்தாள். சாலமோனுக்கு அன்று நான்தான் அழுதேன், கோதுமை மாவு சலித்தபடி. அது ஒன்றுதான் அதுவரை வந்ததில் சுத்தமான தண்ணீர்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். அந்த நொடியே எனக்கு வீடு மறைந்துவிட்டது, அடுப்பு மறைந்துவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்குக்கு நேரே எங்கள் கூடத்துச் சுண்ணாம்புச் சுவர் மட்டும் தெரிந்தது, அதில் ஒரு பல்லி, செத்த ஈயை வாயில் வைத்துக்கொண்டு, வயிறு துடிக்க, என் கண்மணியின் மேலேயே நடந்து போவது போல நடந்து போனது. ஜெரால்டு மில்லிலிருந்து வந்து படத்தைத் திருப்பி வைக்கும் வரை தரையில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருந்தேன். திருப்பி வைத்தவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா படத்த எதுக்குத் தொட்ட?"

இதெல்லாம் தெரிந்தவள்தான் அல்போன்சா. தெரிந்தும் ஆளைப் பார்த்து அழுவீங்களா என்று கேட்கிறாள். எனக்கும் வாய் சும்மா இருக்குமா?

"உன் வீட்டுக்காரர்தான் தினம் முத ஆளா வந்து நிக்கிறாரு. என்கிட்ட என்ன கேக்குற, அவர்கிட்டப் போய்க் கேளு, உனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லி" என்றேன்.

அவள் வீட்டுக்காரர் டொமினிக் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பூசையில் பாடுகிறவர், நல்ல குரல், குரலுக்காக எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. அவர் கண்ணீர் எனக்கு நன்றாகவே தெரியும், வெதுவெதுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, கிராம்பு வாடையும் தலைக்குப் போடும் கிரீம் வாடையுமாக வரும், நின்ற பிறகும் கன்னத்தில் ஒரு வழவழப்பு மிஞ்சும். இப்படி உருகுகிற மனிதருக்கு அப்படி என்ன துக்கம் என்று யோசித்திருக்கிறேன்.

அல்போன்சாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. கூடத்தில் இருப்பவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், முழங்கைக்கு மேல் ஜாக்கெட் கையைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டி உடனே இறக்கிக்கொண்டாள். பழையதும் புதியதுமாக, மஞ்சளும் ஊதாவுமாக.

"அடிச்சிட்டுத்தான்க்கா இங்க வந்து நிக்கிறாரு. முன்னாடியெல்லாம் அடிச்சா ரெண்டு நாளு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சோறு எறங்காமச் சுத்துவாரு, எனக்கும் அந்த ரெண்டு நாளு மூச்சு விடலாம். இப்ப என்னடான்னா, இங்க வந்து நின்னுட்டு வர்றவரு மொகம் பூ மாதிரி இருக்கு. பாட்டுப் பாடிக்கிட்டே வர்றாரு. வந்ததும் மறுபடியும் தெம்பா ஆரம்பிக்கிறாரு."

என் மடியில் செதில் ஒட்டிக்கிடந்தது. நான் அப்படியே எழுந்து கூடத்துக்குப் போய், பெஞ்சில் இருந்தவர்களிடம், இந்த மனிதர் இங்கே எதைக் கழுவிக்கொண்டு போகிறார் என்று அல்போன்சா சொன்னதை மறைக்காமல் சொன்னேன், இனி அவரை இந்த வாசல்படி ஏற விடக்கூடாது என்றேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தாசில்தார் தொண்டையைச் செருமி, "தப்புதான். ஆனா நிம்மதின்றது எல்லாருக்கும் பொதுதானேம்மா, ஒருத்தர வேணாம்னா நாளைக்கு இன்னொருத்தர வேணாம்பாங்க" என்றார். மற்றவர்கள் அது நியாயம்தான் என்றார்கள். யாருக்கும் கோபம்கூட வரவில்லை, கோபமும் துக்கத்தோடு சேர்ந்து வெளியே போய்விட்டிருந்தது போல.

அப்போதுதான் போன் அடித்தது. திருச்சியிலிருந்து தம்பி. அம்மா காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள் என்றான்.

எங்கள் அம்மாவைப் பற்றி என்ன சொல்ல. கணக்கு வைக்காமல் என்னோடு சண்டை போடுகிற ஒரே ஆள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்று போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம், "நீ வைக்கிறது கொழம்பு இல்லடி, ஊறுகா" என்று சொல்லி வைத்துவிட்டாள், பதிலை நான் அடுத்த ஞாயிறுக்கு எடுத்து வைத்திருந்தேன். பஸ்ஸில் திருச்சி போகும் வழியெல்லாம் அந்தப் பதில் வாயிலேயே கிடந்தது. இன்று அழலாம், குழாயைத் திறந்துவிடலாம், சிஸ்டர் யூஜினாவும் செத்துப்போய் வெகு நாளாகிறது, இது என் சொந்தத் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மா ஐஸ் பெட்டிக்குள், கண்ணாடிக்கு அடியில், ரோஸ் கலர் புடவையில் இருந்தாள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தொண்டைக்குள் ஏதோ கிளம்பி மேலே வந்தது, வந்தது என் கண்ணுக்குப் பின்னால் வரை வந்தது, அந்த நேரம் பார்த்து வெதுவெதுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, கிராம்பு வாடையோடு, கிரீம் வாடையோடு, டொமினிக் வந்தார்.

பஸ்ஸில் வந்த தூரம் அதற்கு ஒரு தூரமே இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் கூடத்தில் அந்த மனிதர் கையைக் கட்டி நிற்கிறார், அப்படியென்றால் அல்போன்சா எதிர்வீட்டில் சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், அவர் இறக்கி வைப்பதெல்லாம் என் கண் வழியாக எங்கள் அம்மாவின் முகத்துக்கு மேலே சொட்டுகிறது. கண்ணாடியில் விழுந்து வழவழவென்று பரவியது. முந்தானையால் துடைத்தேன், துடைக்கத் துடைக்கப் பிசுபிசுவென்று மங்கலாகி அம்மாவின் முகம் தெரியாமல் போனது. எச்சில் இலையை எடுத்துப் பீடத்தில் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. சித்தி என் முதுகைத் தடவி, "பெத்தா இப்பிடி ஒரு பொம்பளப் பிள்ளையப் பெக்கணும், எப்பிடிக் கதறுறா பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினாள், அவர்கள் மெச்சினார்கள், நான் அந்த வாடை தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன், அதற்கும் மெச்சினார்கள். டொமினிக்குக்குப் பிறகு அரிசிக்கடைக்காரர் வந்தார். அவருக்குப் பிறகு மாமியார் சாகாத பெண் வந்தாள். அம்மாவைக் குழியில் இறக்கும் வரை வந்துகொண்டே இருந்தார்கள். என் அழுகை வரிசையின் கடைசியில் நின்றபடியே நின்றது, அதன் முறை வரவே இல்லை.

திரும்பி வந்ததும் நானே படத்துக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன், தெருவுக்கெல்லாம் செய்கிறது எனக்குச் செய்யாதா என்று. என் கண்களே நாத்தனார் முகத்திலிருந்து என்னை எரிச்சலாகப் பார்த்தன, உனக்கென்ன வேண்டும் என்பது போல. முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் இருப்பவளாவது நான் அழுதால் கூடச் சேர்ந்து அழுவாள். இது அதற்கும் இல்லை.

பாக்கியநாதனை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஜெரால்டும் இருந்தார்.

"எத்தனையோ கண்ணு இருக்கையில என் கண்ணத்தானா எடுக்கணும்?"

"மூணு நாலு பேரு கண்ண வச்சுப் பாத்தேன்க்கா. எல்லாம் பாவமா இருந்துச்சு. மிக்கேலம்மா மொகத்துக்கு ஒரு கடுகடுப்பு வேணும்ல? உங்களோடது கச்சிதமா உக்காந்துச்சு" என்றான், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டான்.

"மூடிக் குடு."

"மூடுனா உங்களுக்குக் கண்ணு தெரியாமப் போயிருமேக்கா. அன்னைக்குச் செவரப் பாத்துத் திருப்புனதுக்கே அந்தப் பாடு பட்டீங்களாமே. வேணும்னா கண்ண மாத்தித் தர்றேன், ரெண்டு நிமிஷ வேலை, புதுப் பிரிண்ட் போட்டு மாட்டிடலாம். வேற யாரோட போட்டோவாச்சும் குடுங்க. ஆனா அவங்களே மனசு ஒத்துக் குடுக்கணும், கேக்காம வச்சு ஒரு தடவ பட்டது போதும்."

நான் ஜெரால்டைப் பார்த்தேன். உங்க அக்காதானே, உங்க கண்ணையே குடுங்களேன், ஜாடையும் ஒத்துப்போகும் என்றேன். ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்குச் சுகர் இருக்குல்ல இமெல்" என்றார். சுகருக்கும் அதற்கும் என்ன என்று கேட்டேன். மில்லுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை திருச்சியில் முடிந்த மறுநாள், தெருவே சேர்ந்து எங்கள் வீட்டில் ஜெபமாலை வைத்தார்கள். அவர்களாகவே வைத்ததுதான், நன்றியுள்ள ஜனங்கள், பன்னும் காபியும்கூட அவர்களே ஏற்பாடு. கூடம் நிறைந்து, ஆண்கள் வாசல் வரை நின்றார்கள், பாய் வீட்டு அம்மா ஓரமாக நாற்காலியில் இருந்தார், டொமினிக் பாட்டை எடுத்துக் கொடுத்தார், அவர் குரல் தேன் மாதிரி வந்தது, எல்லோர் முகமும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி வெளிச்சமாக, ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு ஈரம் இல்லாமல் இருந்தது. எங்கள் அம்மாவின் ஆத்மாவுக்காக மன்றாடினார்கள். மன்றாடும்போதே அவரவர் பார்வை சுவரில் இருந்த படத்துக்குப் போனது, பழக்கம், ஜெபமாலை மணியோடு மணியாக என் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஐம்பது 'அருள் நிறைந்த மரியே'யில் எத்தனை பேருடைய அழுக்கு என் தாடையில் சொட்டியது என்று நான் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பிழிந்து வைத்துக்கொண்டேன்.

காபி வருவதற்கு முன்னால் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் இருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா" என்றார் தாசில்தார்.

பாக்கியநாதனையும் வரச் சொல்லியிருந்தேன், அவனைக் காட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை என்கிறான் என்றேன். வலிக்காது, ரத்தம் வராது, உங்கள் கண் உங்களிடமேதான் இருக்கும், படத்தில் மட்டும் ஒரு நாள் இருக்கட்டும் என்றேன். எங்கள் தெருவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இல்லாத ஆளே கிடையாது, கேட்டது இரண்டாக இருக்கும், எடுத்தது எட்டாக இருக்கும், மீதி எல்லோர் பர்ஸிலும் கவரிலும் மூலை மடங்கிக் கிடக்கும், அதில் ஒன்றுதான் கேட்டேன். காபித் தட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு பர்ஸ் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. அல்போன்சா. பாதி எழுந்துவிட்டாள், விரல் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. அவள் எழுந்ததைப் பார்த்து ஆண்கள் பக்கத்தில் டொமினிக், கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, நல்லது என்பது போலத் தலையசைத்தார். இந்த மனிதர் அவளை அடித்துவிட்டு, அவள் கண்ணுக்கு முன்னாலேயே வந்து நின்று, அவள் கண்ணாலேயே அழுதுவிட்டுப் போவார்.

"நீ உக்காருடி" என்றேன். "உன் கண்ணுக்கு உன் வீட்லயே வேலை கெடக்கு. உள்ள வை. உன்ன நான் கேக்கல."

அவள் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் அவள் ஒருத்தியின் கண்தான் கலங்கியிருந்தது, முறை வராமல் அவளிடமே தங்கிப்போன தண்ணீர்.

"தம்பி, நீங்க?" என்று டொமினிக்கைக் கேட்டேன். "தெனம் மொத ஆளா வர்றீங்களே. ஒரு நாளு உங்க கண்ணு இருக்கட்டும்."

டொமினிக் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஏதோ பக்கத்தைத் தேடினார். தாசில்தாரைப் பார்த்தேன், அவர் சீரியல் பல்பைப் பார்த்தார். அரிசிக்கடைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார், செருப்பு வாசலில் இருந்தது. சாலமோனின் மகள் சிரித்த முகமாகவே இருந்தாள், என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. பங்குச் சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெரால்டு காபித் தட்டை வாங்கிக்கொண்டு சர்க்கரை இல்லாத டம்ளர் எது என்று பார்த்தார். அந்த நேரத்திலும் யாரோ படத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டார்கள், என் சங்கடமான கேள்வி அவர்களுக்குக் கொடுத்த சின்னச் சங்கடத்தை இறக்கி வைக்க, அதுவும் வந்தது என் கன்னத்தில், ஆறிப்போன காபியின் ஏடு மாதிரி மெல்லிசாக ஒட்டிக்கொண்டு. நான் அதைத் துடைக்கவில்லை. கான்வென்ட்டில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பேசச் சொல்லிக்கொடுத்த குரலில் மறுபடியும் கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் போதும். எங்க அம்மாவுக்கு அழுதுட்டு மறுநாளே திருப்பிக் குடுத்துடறேன். யாராவது ஒரு போட்டோ குடுங்களேன்."